இக்கதவு மூடப்பட்டுள்ளது

கிர்கிஸ் நாட்டு வானத்தில் எந்த விமானத்தின் கதவும் தானாகத் திறந்துகொண்டதில்லை. இதை நான் சொல்லவில்லை. சிறு விமானக் கதவுப் பாதுகாப்பு வாரியம் சொல்கிறது. வருடா வருடம் மேடை போட்டு, ஆடு அறுத்து, விருந்து வைத்துச் சொல்கிறது. கதவைத் திறந்த ஆட்கள் உண்டாம், அவர்கள் மேல் வழக்கும் உண்டாம். தானாகத் திறந்த கதவு மட்டும் கிடையாது.

நான் ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியன். உதைக்கிற மாட்டிடம் உதை வாங்கிய பிறகும், மாடு உதைக்கவில்லை, என் விலா எலும்புதான் அதன் காலில் மோதியது என்று நான் ஒருநாளும் எழுதிக் கொடுத்ததில்லை. அதனால்தானோ என்னவோ வாரியம் பேசுகிற பேச்சு எனக்குச் செரிக்கவே இல்லை.

எங்கள் கோக்தோபோவில் கணவாய் பனியில் அடைபட்டுப்போனால் மே மாதம் வரை வண்டி வாகனம் எதுவும் இல்லை. எர்கேஷ் ஓட்டுகிற விமானம் ஒன்றுதான் போக்கிடம். ஒற்றை எஞ்சின், சுவரோரமாக எதிரெதிரே இரண்டு பெஞ்சு, முன்னால் விமானி, பின்கோடியில் கதவு. யார் எங்கே உட்காருவது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் எப்படியோ அப்படித்தான். உள்கோடிக்கு ‘தோர்’ என்று பேர், அது மூத்தவர்களுக்கு. வயதும் மதிப்பும் குறையக் குறைய வாசல் பக்கம் வந்துகொண்டே இருக்க வேண்டும். கதவை ஒட்டிய இடம் கடைசி ஆளுக்கு.

எங்கள் ஊரின் கடைசி ஆள் மெதெர். ஊருக்கே ரொட்டி சுடுகிறவன், கைச்சுத்தம், வாய்ச்சுத்தம் எல்லாம் உண்டு. ஒரே குறை, அவன் கல்முர்சாவின் வீட்டோடு மாப்பிள்ளை. பெண் கொடுத்த வீட்டிலேயே வந்து உட்கார்ந்துவிட்டவனுக்கு எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பையன்கூட எழுந்து இடம் தரமாட்டான். கல்முர்சாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. பழைய ஆட்டுப் பண்ணைத் தலைவர், குரல் இன்னும் பண்ணையிலேயே இருக்கிறது. மாப்பிள்ளையைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “ஏய் ரொட்டி” என்பார். அவனும் “சொல்லுங்க மாமா” என்று வந்து நிற்பான்.

மெதெரின் மனைவி பூபூகானுக்கு இரண்டு முறை குழந்தை தங்கவில்லை. மூன்றாவது முறை உண்டானபோது, பிரசவம் வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும், அதுவும் தலைநகரில் தங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் மெதெர் அவளைக் கொண்டுபோய்ப் பிஷ்கேக்கில் சேர்த்தான். அடுப்பையும் கடையையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு உடனே வருவதாகச் சொல்லி ஊருக்குத் திரும்பினான். அந்தத் திரும்பும் பயணத்தில்தான், கணவாய்க்கு மேலே, விமானத்தின் கதவு திறந்துகொண்டது.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எதிர்க்காற்று கதவை அழுத்திப் பிடித்திருந்ததால் ஒரு கையகலம் மட்டும் திறந்து நின்று படபடவென்று அடித்தது. “யாரும் எழுந்திரிக்காதீங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும், இறங்கிப் பாத்துக்கலாம்” என்று எர்கேஷ் முன்னாலிருந்து கத்தினான். ஆனால் உள்பக்கம் இருந்த உம்சுன் கிழவியின் நீளச் சால்வை காற்றில் பறந்து இடுக்கில் மாட்டி இழுபட ஆரம்பித்தது. சால்வைக்குள் கிழவி இருந்தாள். மெதெர் கைப்பிடியை எட்டிப் பிடித்து இழுத்து, இறங்கும்வரை விடவில்லை. இறங்கிய பிறகு அவன் விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்திவிட்டேன்.

ஊரே கூடி ஒரு ஆட்டை அறுத்துக் கடவுளுக்கு நன்றி சொன்னது. கல்முர்சாகூட “ரொட்டிக்கு ஒரு துண்டு நல்ல கறியாப் போடுங்க” என்றார். மறு வாரம் வாரியம் வந்து இறங்கியது.

வாரியத் தலைவரின் பெயர் அர்த்திக்பாய் சோரோனோவிச். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முடிக்குச் சாயம், குரலில் வெண்ணெய். எங்கே போனாலும் கடைசியாக வருவார். முன்னால் வந்துவிட்டால் மற்றவர்கள் எழுந்து நிற்பதைப் பார்க்க முடியாதல்லவா. விசாரணை பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. தின்னத் தின்ன வறுத்த மாவு உருண்டைகளும் தேநீரும் வந்துகொண்டிருந்தன. மெதெர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மூத்தவர் என்பதால் தலைவரை ‘பைகே’, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிட்டான்.

“கதவு சரியா மூடுதுன்னு நாங்க சான்று குடுத்திருக்கோம் தம்பி. அப்புறம் நீங்க எதுக்குக் கைப்பிடியப் பிடிச்சீங்க?”

“அது திறந்துக்கிச்சு பைகே. மூடலாம்னு பிடிச்சேன்.”

“மூடியிருக்கிற கதவை யாராச்சும் மூடுவாங்களா?”

“திறந்திருந்துச்சே.”

“சரி, உங்க வழிக்கே வர்றேன். திறந்திருந்தப்ப பக்கத்துல யாரு இருந்தா?”

“நான்தான்.”

“கைப்பிடியில யாரு கை இருந்துச்சு?”

“என் கைதான் பைகே.”

தலைவர் இரண்டு கைகளையும் விரித்து எங்களைப் பார்த்தார். “நான் ஒண்ணும் சொல்லல. அவரே சொல்றாரு.”

உம்சுன் கிழவி எழுந்து, இந்தப் பையன் பிடிக்காவிட்டால் நான் இந்நேரம் ஏதோ ஒரு பனியாற்றில் கிடப்பேன் என்றாள். சம்பவ இடத்தில் மெதெர் இருந்ததை மூதாட்டியும் உறுதிசெய்தார் என்று தலைவர் உதவியாளருக்குச் சொல்லி எழுதவைத்தார். எர்கேஷ் எழுந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

“தாழ்ப்பாளோட நாக்கு தேஞ்சு போச்சு. நிறைய சுமையோட மேல ஏறினா விமானத்தோட உடம்பு முறுக்கும், கதவு விட்டுக்கும். வேற தாழ்ப்பாள் குடுங்கன்னு மூணு வருசமா கேக்குறேன்.”

“அதான் வந்தாச்சே” என்றார் தலைவர்.

எங்களுக்கெல்லாம் முகம் மலர்ந்தது. உதவியாளர் ஓடிப்போய் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்டின்மேல் புத்தம் புதுத் தாழ்ப்பாள் படுத்திருந்தது. தலைவர் எழுந்து நின்று பேசினார்.

“இது எங்க வாரியத்தோட பெருமை. இதைக் காட்டித்தான் ஊர் ஊரா விழிப்புணர்வு நடத்துறோம். இதுவரைக்கும் ஒரு தடவைகூட இது பழுதானதில்ல. உலகத்துல எந்தத் தாழ்ப்பாளப் பத்தியும் இப்படிச் சொல்ல முடியாது.”

“அத மாட்டிவிடுங்க” என்றான் எர்கேஷ்.

“மாட்டினா தேஞ்சு போயிருமேப்பா” என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதைப்போல.

தீர்ப்பு அன்றே வந்தது. மெதெர் ‘கதவுகளுக்கு ஊறு விளைவிப்பவர்’. தடை நீங்கும்வரை எந்த விமானத்தின் கதவையும் அவன் நெருங்கக் கூடாது. பூபூகான் அங்கே தனியாகப் படுத்திருக்கிறாள் என்று மெதெர் மன்றாடினான். விமானத்தில் ஏறவே கூடாதா என்று கேட்டான். தலைவர் அவன் தோளில் கை வைத்தார்.

“யாரு சொன்னா? தாராளமா ஏறலாம் தம்பி. நாங்க அவ்வளவு இரக்கமில்லாதவங்க இல்ல. கதவு வழியா மட்டும் ஏறக்கூடாது.”

தடை எப்போது நீங்கும்? கதவு தானாகத் திறந்தது என்று நிரூபணமானால் நீங்கும். அது நிரூபணமாகுமா? ஆகாது, ஏனென்றால் கதவு தானாகத் திறக்காது என்று வாரியம் சான்று கொடுத்திருக்கிறது. இதைத் தலைவர் மிகவும் பொறுமையாக எங்களுக்கு விளக்கினார். தலைவர் கிளம்பிப் போன அன்றிரவே பனி கொட்டிக் கணவாய் அடைபட்டது.

அதற்குப் பிறகு மெதெரைப் பார்க்கச் சகிக்கவில்லை. தினமும் பூபூகான் தொலைபேசியில் கேட்பாள், எப்ப வர்றே என்று. கடைக்கு ஆள் கிடைக்கலை, அடுத்த வாரம் வந்துடுவேன் என்பான். ஒருநாள் ரொட்டி வாங்கப் போயிருந்தபோது, கை மாவாக இருந்ததால் அவன் போனைச் சத்தமாக வைத்திருந்தான், என் காதிலேயே விழுந்தது. “பயமா இருக்கு. போன தடவையும் நீ பக்கத்துல இருந்தப்பதான் நான் அழாம இருந்தேன்” என்றாள். அவன் போனை வைத்துவிட்டு மாவில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் நின்ற கல்முர்சாவும் அதைக் கேட்டார். அவர் ரொட்டி வாங்காமலேயே வீட்டுக்குப் போய்விட்டார்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. எங்களுக்குக் கதவொழுக்கம் போதாது என்று முடிவெடுத்துப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. பள்ளி மைதானத்தில், சுவர் எதுவும் இல்லாமல், ஒரு கதவை மட்டும் நிலையோடு நட்டார்கள். ஊரில் ஒவ்வொருவரும் வரிசையாக அதன் முன்னால் போய் நின்று, திறக்காமல், திரும்பி வர வேண்டும். அப்படித் திறக்காதவர்களுக்குப் பாராட்டுச் சான்றிதழ். எனக்கும் ஒன்று கிடைத்தது. அந்தக் கதவு காற்றில் தானாகவே திறந்து திறந்து அடித்துக்கொண்டதால் பயிற்றுநர் கடைசியில் அதை ஆணி வைத்து அறைந்தார். பயிற்சி முழு வெற்றி என்று வானொலியில் சொன்னார்கள்.

இதற்கிடையில் விமானக் கதவு இன்னும் இரண்டு முறை திறந்துகொண்டது. கதவோரத்தில் இருந்த இரண்டு பேரும் கதவுகளுக்கு ஊறு விளைவிப்பவர்கள் ஆனார்கள். இனி கதவு திறந்தால் யார் திறந்தது என்று கட்டுப்பாட்டு அறை உடனே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று புது விதி வந்தது. நிரந்தரத் தீர்வு ஒன்றும் கண்டாகிவிட்டதாகவும், அதைத் தொடங்கிவைக்கத் தலைவரே நேரில் வருவதாகவும் செய்தி வந்தது. தீர்வு ஒரு பித்தளைப் பலகை. கதவின் உட்பக்கம் திருகாணி போட்டு மாட்டினார்கள். அதில் மூன்று மொழிகளில் ‘இக்கதவு மூடப்பட்டுள்ளது’ என்று பொறித்திருந்தது. எர்கேஷின் விமானத்தில் உள்கோடியில் உட்கார்ந்து வந்திருந்த தலைவர் பட்டு நாடாவை வெட்டிவிட்டு உரையாற்றினார்.

“சில நாடுகள்ல கதவத்தான் மாத்துறாங்க. நாம மனுசனோட எண்ணத்த மாத்துறோம். இதப் படிக்கிற பயணிக்கு இனிமே சந்தேகம் வராது. சந்தேகம் இல்லேன்னா சம்பவம் இல்ல.”

கண்ணாடிப் பெட்டியும் மேடையில் அவர் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் கை தட்டினோம். கல்முர்சா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். அவர் அவ்வளவு தட்டியதன் காரணம் எனக்குத் தெரியும்.

அன்று காலையே அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். “டாக்டரே, இன்னைக்கு விமானத்துல நீ வர்ற. பல் வலின்னு சொல்லு.”

“எனக்குப் பல்லே இல்லையே.”

“அப்ப ஈறு வலின்னு சொல்லு.”

அன்றைய விமானத்தின் இருக்கைகளையெல்லாம் எங்கள் ஊரின் வெள்ளைத்தாடி அக்சகால்களும் உம்சுன் போன்ற கிழவிகளுமே எடுத்திருந்தோம். எழுபதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு வேறு, நகரத்துச் சொந்தக்காரர்களுக்கு என்று பேர். “நிறைய சுமையோட ஏறினா கண்டிப்பா விட்டுக்கும்” என்று எர்கேஷிடம் கல்முர்சா முன்னாடியே கேட்டு வைத்துக்கொண்டார். கேட்டபோது எர்கேஷ் சிரித்ததாகவும் சொன்னார். அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

தலைவர் வழக்கம்போலக் கடைசியில் வந்து ஏறினார். உள்கோடியை நோக்கி இரண்டு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். தோரில் கல்முர்சா. அவருக்கு எதிரே நான். அங்கிருந்து கதவு வரைக்கும் நரைத்த தலைகள். காலியாக இருந்தது கதவோரம் மட்டும்தான். வெளியே வழியனுப்ப ஊரே நின்றுகொண்டிருந்தது, கூடவே தொலைக்காட்சிக்காரர்களும். அத்தனை கண்கள் முன்னால் ஒரு முதியவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் உட்கார்ந்த கிர்கிஸ்காரன் அதற்குப் பிறகு எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போக முடியாது.

“எனக்குக் கொஞ்சம் இடுப்பு வலி...” என்றார் தலைவர் பொதுவாக.

“கதவோரம் காலை நீட்டிக்கலாம் தம்பி” என்றார் கல்முர்சா. “உக்காரு. மூடித்தான இருக்கு. நீயே பலகை மாட்டியிருக்கியே.”

தலைவர் உட்கார்ந்தார். எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் கைகளைக் கோத்துக்கொண்டார். கணவாயை நோக்கி விமானம் முக்கி முனகி ஏறத் தொடங்கியதும் கதவில் டக் என்று ஒரு சத்தம். பித்தளைப் பலகை பளபளக்கக் கதவு ஒரு கையகலம் திறந்து நின்றது.

தலைவரின் தொப்பி முதலில் போனது. அவர் கண்ணாடிப் பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். இடுப்புப் பட்டை எல்லாருக்கும் இருந்தது, அவருக்கும் இருந்தது, விழ வழியே இல்லை. ஆனால் அவர் முகம் சுட்ட ரொட்டியில் தூவிய மாவு நிறத்துக்கு வந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்க ரொம்பவும் நன்றாக இருந்தது. மறைப்பானேன்.

“என்ன தம்பி, கைப்பிடியப் பிடிச்சிருக்க?” என்று கல்முர்சா கேட்டார்.

“சும்மாதான் அக்சகால். சோதிச்சுப் பாக்குறேன்.”

“கதவு திறந்திருக்கோ?”

“இல்ல இல்ல. மூடித்தான் இருக்கு.”

“அப்ப கையை விடு.”

தலைவர் விடவில்லை.

“மூடியிருக்கிற கதவை யாராச்சும் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?” என்றாள் உம்சுன் கிழவி, என்னைப் பார்த்து. நான் மாட்டு வைத்தியன், கதவு பற்றித் தெரியாது என்றேன்.

எர்கேஷ் விமானத்தை மெதுவாக ஊர்ப் பக்கம் திருப்பிக்கொண்டே பின்னால் பார்த்துச் சொன்னான். “கட்டுப்பாட்டு அறையில கேக்குறாங்க. கதவ யார் திறந்ததுன்னு பேர் வேணுமாம். உங்க விதிதான்.” ஒலிவாங்கியைக் கம்பியோடு நீட்டிக் கல்முர்சாவிடம் கொடுத்தான். அது கை கையாக மாறி வரிசையின் கடைசி வரை வந்து, தலைவரின் வாய்க்கு முன்னால் நின்றது.

“பக்கத்துல இருந்தது யாரு?” என்றார் கல்முர்சா.

“நான்... ஆனா நான் திறக்கல.”

“கைப்பிடியில யாரு கை இருக்கு?”

“என் கைதான். ஆனா அது தானாத் திறந்துக்கிச்சு.”

“எஞ்சின் சத்தத்துல கேக்கல தம்பி.”

“தானாத் திறந்துக்கிச்சு! தாழ்ப்பாள் தேஞ்சு போயிருக்கு, எங்களுக்கு மூணு வருசமாத் தெரியும், தானாத்தான் திறக்கும்!”

“அப்படியாம்” என்று கல்முர்சா ஒலிவாங்கியைத் திருப்பி அனுப்பினார்.

தரையிறங்கியதும் தலைவருக்குக் கால் வந்தது, காலோடு வாயும் வந்தது. நடந்ததைத் திறப்பு என்று சொல்ல முடியாது, அது ஒரு தற்காலிகத் தளர்வு என்றார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. இறங்கவும் இல்லை. “அப்ப வா தம்பி, கிளம்பலாம். உன் இடம் அப்படியே இருக்கு” என்று கல்முர்சா தோரிலிருந்து கூப்பிட்டார். எர்கேஷ் எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தான். தலைவர் கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கடைசியில் உடைந்து கிடந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

“அதை எடுத்து மாட்டு” என்றார்.

“மாட்ட முடியாதே” என்றான் எர்கேஷ். “ஆளுங்க திறந்த கதவுக்குத் தாழ்ப்பாள் மாத்த விதி இல்ல. தானாத் திறந்த கதவுக்குத்தான் உண்டு. முதல்ல அந்த ரொட்டிக்காரன் மேலயும் மத்த ரெண்டு பேர் மேலயும் இருக்கிற தடையை எடுங்க.”

இறக்கையின்மேல் தாளை வைத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அரை மணி நேரத்தில் புதுத் தாழ்ப்பாள் ஏறியது. எர்கேஷ் கதவை அடைத்தான், உதைத்தான், தொங்கிப் பார்த்தான். கதவு அசையவில்லை.

கல்முர்சா கீழே இறங்கினார். கூட்டத்தின் பின்னால், கதவை நெருங்கக் கூடாதே என்று தள்ளி நின்ற மாப்பிள்ளையிடம் போனார்.

“மெதெர்” என்றார்.

அவன் யாரையோ கூப்பிடுகிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான்.

“உன்னத்தான்டா. என் இடத்துல போய் உக்காரு. அவ கேட்டா நான் அனுப்பிச்சேன்னு சொல்லு.”

மெதெர் மாவுக் கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஏறிப் போய்த் தோரில் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தான். எங்களில் முக்கால்வாசிப் பேர் மூட்டைகளோடு இறங்கிவிட்டோம். இடம் நிறைய இருந்தது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் உட்காருங்கள் பைகே, தாழ்ப்பாள் புதுசு, சான்று உங்களுடையது என்று எர்கேஷ் தலைவரை அழைத்தான். தலைவர் கதவருகே வரை போனார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இந்த ஊரில் தனக்குக் கொஞ்சம் ஆய்வு வேலை மிச்சமிருப்பதாகச் சொல்லித் திரும்பி வந்துவிட்டார்.

ஆறு நாள் கழித்துப் பூபூகானுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மெதெர் பக்கத்தில் இருந்தான். அவள் அழவில்லை, அவன்தான் அழுதானாம்.

தலைவரை நாங்கள் குறையில்லாமல் வைத்துக்கொண்டோம். விருந்தாளி அல்லவா. விமானம் வருகிற நாளெல்லாம் மறக்காமல் அவரை எழுப்பி, தோல்கோட்டு மாட்டிவிட்டு, விமானத்தளத்துக்கு அழைத்துப்போனோம். ஒவ்வொரு முறையும் அவர் கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆய்வு முடியவில்லை என்றார். வாரியத்தில் அவர் நாற்காலிக்கு வேறு ஒருவர் வந்துவிட்டதாக வானொலியில் கேட்ட அன்றும் அப்படித்தான் சொன்னார்.

குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்து அவர்கள் ஊர் திரும்பினார்கள். அன்றும் தலைவர் தளத்தில் நின்றிருந்தார். கதவு திறந்தது, பூபூகான் குழந்தையோடு இறங்கினாள். அவருடைய முகம் அவளுக்குத் தெரியாது. கோட்டும் பையுமாக நின்ற அவரைப் பார்த்து, ஊருக்குக் கிளம்புகிற யாரோ என்று நினைத்துக்கொண்டாள்.

“இதுலயா போறீங்க பைகே? பயப்படாதீங்க” என்றாள். “நாங்க கதவோரத்துலதான் உக்காந்து வந்தோம். இவ கண்ணே திறக்கல.”

தலைவர் குழந்தையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

“இல்லம்மா” என்றார். “நான் மே மாசம் வண்டியிலயே போய்க்கிறேன்.”